மடுல்கெல்லவுக்கு ஏறிய பெட்டி

மலைநாட்டுக்குச் செல்வோர் பலவிதம். குளிர்காற்றை நாடிச் செல்வோர் சிலர். கோயில்களைத் தரிசிக்கச் செல்வோர் சிலர். உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்வோர் சிலர். எவ்விதம் சென்றாலும் திரும்பி வரும்போது கையில் ஒரு பொதி தேயிலை இருக்கும். நாம் மேற்கொண்ட பயணமோ இவற்றுள் எதிலும் சேராது. மலையிலே ஒரு தாயிடம் விடைபெற்று, நகரத்துக்கு இறங்கி, ஆறு அட்டைப் பெட்டிகளுடன் மீண்டும் அம்மலைக்கே ஏறிய பயணம் அது. அப்பெட்டிகளுக்குள் இருந்தது ஒரு கணினி; இல்லை, இன்னும் கணினியாகாத அதன் அவயவங்கள்.

2025ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை. நம்மிடம் படித்து, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த மாணவன் ஒருவன் இரண்டு வாரங்களுக்கு முன்னரே தொலைபேசியில் பேசியிருந்தான். "சேர், நீங்கள் ஒருமுறை வீட்டுக்கு வரவேண்டும். கணினி வாங்க அம்மா காசு தருகிறேன் என்கிறார். ஆனால் நீங்கள் வந்து சொன்னால்தான் தருவாராம்" என்றான். படிப்புக்குத்தானே என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, "விளையாட்டுக்கும் சேர்" என்றான். அந்தத் தயக்கமே நம்மைப் பஸ் ஏறச் செய்தது.

மலைப்பாதை

கண்டி நகரை மகாவலி கங்கை ஒரு வளையம்போலச் சுற்றி ஓடுகிறது. ஆதலால் மடுல்கெல்லவுக்குச் செல்பவர் அந்நதியைக் கடந்தே தீரவேண்டும். நதியைக் கடந்து வத்தேகமையை அடையும்போது இருமருங்கும் மிளகுக் கொடியும் கராம்பு மரமும் கொக்கோவும் கண்ணிற்படும். பன்வில தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. வீட்டுத் தோட்டங்கள் குறைந்து தேயிலை தொடங்குகிறது. பஸ்ஸின் இயந்திரம் ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்கியது. நாமும் அதனோடு சேர்ந்து மூச்சு வாங்கினோம்.

எதிரே நிற்பது தும்பறை மலைத்தொடர். மூடிய கையின் விரற்கணுக்கள்போல அதன் சிகரங்கள் தோன்றியதால் வெள்ளைக்காரர் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தபோது இத்தொடரும் அதனுள் அடங்கிற்று. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் இம்மலைக்கு மழை தருவன. தைமாதத்திலும் மாலை நான்கு மணிக்கே முகில் இறங்கித் தேயிலையின்மேற் படுத்துக்கொள்கிறது.

இம்மலைகளில் முதலில் விளைந்தது தேயிலையன்று, கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளுக்குள் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பயிர் மாறியபோது தொழிற்சாலையும் மாறவேண்டியதாயிற்று. கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரத்தைக் கொண்டு தேயிலைக் கொழுந்தை உருட்ட முடியுமா? நல்ல இயந்திரங்கள்தாம், ஆயினும் வந்த பயிருக்குப் பொருந்தாமையாற் பழைய இரும்பாயின. இதனை ஏன் சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

தாயின் கேள்வி

மடுல்கெல்லக் கடைத்தெருவில் மாணவன் காத்திருந்தான். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே கால் மணி நேரம் நடந்து லயத்தை அடைந்தோம். தாய் அப்போதுதான் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். முற்றத்திலே, ஒரு பலகையில், தாத்தா அமர்ந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். விரல்களில் எண்ணெயின் கருமை இன்னும் போகவில்லை.

தேநீர் வந்தது. கேள்வியும் உடன் வந்தது.

"சேர், படிப்புக்குன்னு கேட்டா காதுல கிடக்கிறதையும் கழட்டிக் குடுப்பேன். விளையாட்டுக்குன்னு சொல்றானே, அதுக்கா இவ்வளவு காசு?"

காசு எவ்வளவு என்பதை வாசகர் அறிதல் வேண்டும். மொத்தம் ஒன்றரை இலட்சம் ரூபா. அதில் நாற்பதாயிரம், தோட்டத்துச் சிறுவர்களுக்கு மாலையிற் கணிதம் சொல்லிக்கொடுத்து மகன் சேர்த்தது. எஞ்சிய ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அக்கணக்கின்படி பார்த்தால், அரிசிக்கும் பருப்புக்கும் ஒரு சதமேனும் எடுக்காது எண்பத்திரண்டு நாட்கள் மலையேறிக் கொழுந்து பறித்தால் அந்தத் தொகை கிடைக்கும். அவருடைய கேள்வியில் கஞ்சத்தனம் இல்லை, கணக்கு இருந்தது.

நாம் விடை தேடுமுன் மகனே பேசினான். "அம்மா, படிக்க மட்டும்னா இதுல பாதிக்கே பழைய மெஷின் ஒண்ணு வாங்கலாம். விளையாடவுந்தான் கேட்கிறேன். பொய் சொல்லி வாங்க விருப்பமில்லை."

நம் காலத்தில் கிரிக்கெட் மட்டையைச் சாக்கில் சுற்றி மறைத்து வைத்தவர்கள் நாம். 'கணித வகுப்பு' என்று சொல்லி மைதானத்துக்குப் போனவர்கள் நாம். அந்தப் பையனின் முன் நமக்குச் சற்று வெட்கமாயிருந்தது. விளையாட்டை நன்றாக ஓட்டும் கணினி, படம் வரைவதையும் நிரல் எழுதுவதையும் காணொளி தொகுப்பதையும் அதைவிட நன்றாகவே செய்யும் என்றோம். உண்மையும் அதுதான்.

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மறைக்காம கேட்டான், அதுக்காகத் தாறேன். ஆனா சேர், வாங்கினது ஓடணும். ரெண்டாந்தடவை குடுக்க எங்கிட்ட இல்ல" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தின் பாரம் அன்றிரவு முழுவதும் நம் நெஞ்சில் இருந்தது. காரணம் உண்டு.

மேசை அறையிற் கிடக்கும் சில்லு

சில ஆண்டுகளுக்கு முன் நம் மகனுக்கு ஒரு கணினி சேர்க்க முற்பட்டோம். பட்டதாரி என்ற நினைப்பு வேறு. புரொசசர் எனப்படும் மூளைச் சில்லையும், அதனைத் தாங்கும் மதர்போர்ட் எனப்படும் தாய்ப்பலகையையும் வெவ்வேறாக வாங்கினோம். சில்லு இன்டெல் ஐ-5 8400. அதன் இருக்கை எல்.ஜி.ஏ. 1151. பலகை பழைய எச்.110 வகை, அதன் இருக்கையும் 1151. எண் ஒன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். சில்லு இருக்கையில் அழகாக அமர்ந்தது. மின்னை ஏற்றினோம். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது.

ஆறாம், ஏழாம் தலைமுறைச் சில்லுகளுக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் சில்லுகளுக்கும் இருக்கையின் வடிவமும் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் மின் செல்லும் வழி வேறு. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைப் பலகை வேண்டும். இதனைக் காசு கொடுத்த பின்னரே படித்தோம். விற்ற கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைச் சுட்டிக் காட்டினார்கள். அந்தச் சில்லு இன்னும் நம் மேசை அறையிற் கிடக்கிறது.

இக்கதையை லயத்து முற்றத்தில் ஒளிக்காமற் சொன்னோம். தாத்தா சிரித்தார். உள்ளே சென்று, பழைய பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு மரையாணியையும் ஒரு சுரையையும் எடுத்து நம் கையில் வைத்தார்.

"மாட்டுங்க மாஸ்டர்."

இரண்டும் அரை அங்குலம். சுரை ஒரு சுற்றுச் சென்றது, இரண்டாம் சுற்றில் இறுகிற்று, அதற்குமேல் அசையவில்லை.

"ஒண்ணு விட்வேர்த். மத்தது அமெரிக்கன் மரை. அளவு ஒண்ணுதான், பல்லு வேற. பலம் போட்டா ரெண்டும் கெடும்" என்றார்.

ஜோசப் விட்வேர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841இல் மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. அரை அங்குல ஆணியில் முன்னதற்கு அங்குலத்துக்கு 12 புரிகள், பின்னதற்கு 13. நம் எழுத்தறிவுக்கு எட்டாத பாடம் அந்தப் பிஸ்கட் பேணியில் இருந்தது. நுழைவது வேறு, பொருந்துவது வேறு.

ஆறு பொருத்தம்

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். கணினிக்கு ஆறு பார்த்தாற் போதும். அன்றிரவு அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளில் மாணவன் எழுத, நாம் சொல்ல, தாத்தா குறுக்குக் கேள்வி கேட்க, பட்டியல் உருவாயிற்று.

முதலாவது, சில்லும் பலகையும். மாணவன் தெரிந்து வைத்திருந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. அது ஏ.எம்.4 என்ற இருக்கைக்கு உரியது. அவ்விருக்கை 2016இல் வந்தது, 2022இல் ஏ.எம்.5 அதற்கு அடுத்ததாக வந்தது. பழைய சில்லு புதிய இருக்கையில் அமராது. கோப்பி போய்த் தேயிலை வந்த கதைதான். புதியதை வாங்கினால் எல்லாவற்றையும் புதியதாகவே வாங்கவேண்டும். நம் தொகை அதற்குப் போதாது.

இரண்டாவது, பலகையில் எழுதப்பட்டுள்ள தொடக்க நிரல். அதற்கு 'பயோஸ்' என்று பெயர். சில்லு பிறக்குமுன் பலகை பிறந்திருந்தால், இருக்கை பொருந்தினாலும் பலகை சில்லை அடையாளம் காணாது. 5600ஜி 2021இல் வந்தது. ஆகவே கடைக்காரரிடம் பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டே வாங்கவேண்டும்.

மூன்றாவது, ரேம் என்ற நினைவுத்தகடு. ஏ.எம்.4 பலகை டி.டி.ஆர்.4 வகையை மட்டும் ஏற்கும், ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5 வகையை மட்டும் ஏற்கும். இரண்டிலும் 288 தொடுமுனைகள். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கிறது. எனவே தவறாக மாட்ட இயலாது. 1151 இருக்கையைச் செய்தவர்களும் இவ்வாறு ஒரு வெட்டை இடம் மாற்றியிருந்தால் நம் பணம் தப்பியிருக்கும்.

நான்காவது, திரைக்குப் படம் தருவது எது? சில சில்லுகளுக்குள்ளேயே படம் வரையும் பகுதி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இன்டெல் சில்லின் பெயரின் முடிவில் 'எஃப்' என்று இருந்தால் இல்லை என்று பொருள். ரைசன் 5 5600 என்று மட்டும் இருந்தாலும் இல்லை; இறுதியில் 'ஜி' சேர்ந்தால் உண்டு. இல்லாத சில்லுக்குக் கிராபிக்ஸ் கார்ட் தனியே வாங்காவிடில் திரையில் ஒன்றும் தோன்றாது.

ஐந்தாவது, மின் வழங்கி. கணினி உண்ணும் மின்னுக்கு அது போதுமானதாகவும், நாளை சேரப்போகும் கார்ட்டுக்கும் இடம் வைத்ததாகவும், பெயர் தெரிந்த நிறுவனம் செய்ததாகவும் இருத்தல் வேண்டும். ஆறாவது, கேசிங் என்னும் கூடு. பலகையின் அளவும், கார்ட்டின் நீளமும் அதற்குள் அடங்கவேண்டும்.

"எல்லாம் பொருந்தினா எல்லா வேகமும் வருமா?" என்று தாத்தா கேட்டார். வராது என்றோம். எது மெதுவோ அதன் வேகமே மொத்த வேகம் என்று விளக்க முற்பட்டபோது அவர் கையமர்த்தினார். "புரியுது. ரோலர் ரெண்டு கூடப் போட்டு, டிரையர் பழசாவே இருந்தா, உருட்டின கொழுந்து குவிஞ்சு புளிச்சுப் போகும். டிரையர் எவ்வளவு எடுக்குதோ அவ்வளவுதான் தேயிலை" என்றார். பெல்பாஸ்ட் நகரத்துச் சிறொக்கோ உலர்த்தியோடும் கெயின்ஸ்பறோ நகரத்து மார்ஷல் கம்பனியின் உருட்டுப் பொறியோடும் வாழ்ந்தவர் அவர். அதற்குமேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

கண்டிக் கடைவீதியில்

மறுநாட் காலை முதல் பஸ்ஸில் மூவரும் இறங்கினோம். தாத்தா சலவை வேட்டியும் கம்பளிச் சட்டையும் அணிந்திருந்தார். காசு அவர் மடியில் இருந்தது.

இயந்திரம் வாங்க மலைநாட்டார் கண்டிக்கு வருவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. 1854இல் ஜோன் வோக்கர் என்பவர் கண்டியில் வேலைத்தலம் அமைத்துக் கோப்பித் தோட்டங்களுக்குப் பொறிகள் செய்து கொடுத்தார். அன்று துரைமார் வந்தனர். இன்று பிட்டரின் பேரன் வந்தான். மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து, தலதா வீதி, யட்டிநுவர வீதி, கொட்டுகொடல்ல வீதி என்று நடந்தோம்.

முதற் கடையில் கண்ணாடிக் கூடு ஒன்று வானவில்போல ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. முழுக் கணினி, கிராபிக்ஸ் கார்ட்டும் உண்டு, விலையோ நம் தொகையினும் குறைவு. மாணவனின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. உள்ளே என்ன என்று கேட்டுக் கேட்டு அறிந்தோம். சில்லு 2013இல் வந்த நாலாம் தலைமுறை, ரேம் டி.டி.ஆர்.3. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14இல் முடியும் என்பதும் அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. கார்ட் 2017இல் வந்த ஆர்.எக்ஸ். 580, பாவித்தது. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கணினிகளால் அகழும் முறை முடிவுற்றபோது, இரவு பகலாக அவ்வேலையில் உழைத்த கார்ட்டுகள் உலகெங்கும் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. இது அவற்றுள் ஒன்றா என்பதை யார் சொல்வது? மின் வழங்கியில் 600 வாற்று என்று எழுதியிருந்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. தாத்தா அதனைக் கையில் வாங்கி நிறை பார்த்தார். "எடையே இல்லையே. உள்ளே செம்பு எங்கே?" என்றார். வெளியே வந்தோம். மாணவன் இருமுறை திரும்பிப் பார்த்தான்.

இரண்டாம் கடை சிறியது. முதலாளி நம் மொழியிலேயே பேசும் முஸ்லிம் அன்பர். மாணவனின் பட்டியலை மூக்குக் கண்ணாடி வழியே ஊன்றிப் படித்தார். "தம்பி, மொனிட்டர் புதுசா, வீட்டிலே இருக்கிறதா?" என்றார். மாமா கொடுத்த பழையது ஒன்று வீட்டில் இருந்தது. அதில் நீல நிற வி.ஜி.ஏ. துளை மட்டுமே உண்டு. நாம் தெரிந்தெடுத்த பலகையில் வி.ஜி.ஏ. இல்லை! ஆறு பொருத்தம் பார்த்த நாம் ஏழாவதை மறந்தோம். அதே விலையில், ஏ.520 வகையில், வி.ஜி.ஏ. துளையுள்ள வேறொரு பலகையை நானா எடுத்துவைத்தார். பயோஸ் புதுப்பிக்கப்பட்டதென்று பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததையும் காட்டினார்.

இனி இருந்தது ஒரே கேள்வி. எஞ்சிய பணத்தில் மலிவான மின் வழங்கியோடு ஒரு பழைய கார்ட்டா, அல்லது கார்ட் இல்லாமல் நல்ல மின் வழங்கியா? விளையாட்டுப் பிரியனுக்குக் கார்ட் இல்லாக் கணினி, சக்கரை இல்லாப் பொங்கல் போன்றது. மாணவன் நம் முகத்தைப் பார்த்தான். நாம் விடை சொல்லவில்லை; காசு நம்முடையதன்று. அவன் கொப்பியைப் பார்த்தான். தாத்தாவின் மடியைப் பார்த்தான். "கார்ட் பிறகு வாங்கலாம் நானா. பவர் சப்ளை நல்லதாகத் தாருங்கள்" என்றான். பத்தொன்பது வயதில் அதனைச் சொல்வது எளிதன்று.

ஆகவே வாங்கியவை இவை: 5600ஜி சில்லு, ஏ.520 பலகை, 550 வாற்று மின் வழங்கி, 500 ஜிகாபைற்று எஸ்.எஸ்.டி., காற்றோட்டமுள்ள எளிய கூடு, 16 ஜிகாபைற்று ரேம். ரேமை ஒரே தகடாக வாங்காது எட்டு எட்டாக இரண்டு வாங்கச் சொன்னார் நானா. சில்லுக்குள் இருக்கும் படப்பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. அது ரேமையே பயன்படுத்துகிறது. இரண்டு தகடுகள் இரண்டு வாய்க்கால்களாக நீர் பாய்ச்சினால் படம் தடங்கலின்றி ஓடும். நாளை ஆர்.எக்ஸ். 6600 போன்ற, 132 வாற்று உண்ணும் கார்ட் ஒன்றைச் சேர்த்தாலும் இந்த மின் வழங்கி தாங்கும். அப்போது மட்டும் மொனிட்டரை மாற்றவேண்டும். புதிய கார்ட்டுகளில் வி.ஜி.ஏ. துளை இல்லை. மிச்சப் பணத்தில் இடிமின்னலுக்கும் மின்வெட்டுக்கும் காவலாகச் சிறு யு.பி.எஸ். ஒன்றும் வாங்கிக்கொண்டோம். சித்திரை மாதத்து இடியை அறிந்த மலைவாசிகள் அதனை வீண்செலவு என்று சொல்லமாட்டார்கள்.

இருண்ட திரை

பஸ்ஸில் ஆறு பெட்டிகளையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் நாம் துள்ளினாலும் அவை துள்ளாதபடி காத்தோம். வீடு சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தாய் தரையில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துவைத்திருந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் குவிந்தனர்.

ஏ.எம்.4 சில்லின் அடியில் 1,331 சிறு ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் ஆபத்து. மூலையிலுள்ள பொன்முக்கோணத்தைப் பலகையிலுள்ள முக்கோணத்தோடு ஒத்துவைத்து, அழுத்தாமல் விட, சில்லு தன் நிறையாலேயே இருக்கையில் இறங்கிற்று. பலம் வேண்டியிராத இடத்தில் பலம் காட்டாத விரல்களைத் தாத்தாவிடம் கண்டோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பூட்டியாயிற்று. மாணவன் பொத்தானை அழுத்தினான்.

விசிறி சுழன்றது. திரை இருண்டே கிடந்தது.

வாசகரே, அந்த நிமிடத்தில் நம் மேசை அறையிற் கிடக்கும் சில்லே நம் கண்முன் நின்றது. தாய் ஒன்றும் கேட்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். ஆறு பொருத்தமும் பார்த்தோமே, எங்கே தவறினோம்? மாணவனின் கை நடுங்கியது.

"நிப்பாட்டு. வயரைக் கழட்டு" என்றார் தாத்தா. "எந்தப் பூட்டிலே 'டக்'குன்னு சத்தம் வரல்லே? யோசி."

மாணவன் யோசித்தான். ரேம் தகடுகளுள் ஒன்று ஒரு முனையில் மட்டும் பூட்டியிருந்தது. மறுமுனை நூலளவு தூக்கி நின்றது. எடுத்து, நேராக வைத்து, இரு முனைகளிலும் அழுத்தினான். 'டக்' என்றது. பொத்தானை அழுத்தினான். சில விநாடிகள் சென்றன. திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. வாசலிற் பிள்ளைகள் ஆரவாரித்தனர். நாம் மெல்ல எழுந்து வெளியே சென்று, இருளில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம். முகில் படிந்திருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இயங்குதளத்தை ஏற்றி முடிக்க இரவு பத்து மணியாயிற்று. நண்பனிடமிருந்து கொண்டுவந்த மோட்டார் ஓட்டப் பந்தயம் ஒன்றை மாணவன் முதலில் தன் தாய்க்கே காட்டினான். மலைப்பாதை ஒன்றில் சிவப்பு வண்டி வளைந்து வளைந்து விரைந்தது. தாய் அதனைக் கூர்ந்து பார்த்தார். "ரோட்டிலே ஒரு குழியும் இல்லையே. இது எந்த ஊர்?" என்றார். பயணம் தொடங்கியது முதல் அவர் சிரித்ததை அப்போதுதான் கண்டோம்.

அந்த ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால், நினைவகத்தின் விலை உலகெங்கும் விரைந்து ஏறியது. நல்ல வேளை, தைமாதத்திலேயே வாங்கினோம் என்று மாணவன் செய்தி அனுப்பினான். கார்ட் வாங்குவது இன்னும் தள்ளிப்போய்விட்டதாம். ஆனால் மாலை வகுப்புக்கு வரும் சிறுவர்கள் கணக்கை முடித்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் விளையாடலாம் என்று ஒரு விதி செய்திருக்கிறானாம். அன்று தொட்டு ஒருவரும் கணக்குச் செய்யாமல் வருவதில்லையாம்.

தாத்தா கொடுத்த மரையாணியும் சுரையும் நம்மிடம் இருக்கின்றன. மேசை அறையில், அந்தப் பழைய சில்லுக்கு அருகிலேயே அவற்றை வைத்திருக்கிறோம்.